மிச்சச் சூடு

மார்ச் 3
கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

சோதனை நடந்தபோது அறையில் இருந்தவர்கள்: நான், உங்கள் அண்ணன், கணினிக் கடைக்காரர், மாடிவீட்டு நர்ஸ். ஆக நான்கு பேர். கடவுள் எல்லாச் சோதனைக்கும் வருகிறவர் என்பதால் அவரைத் தனியாக எழுதவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று கேள்வி கேட்பீர்கள். இந்த வீட்டில் உங்களுக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்தது சும்மாவா? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசிவரை படித்துவிட்டுத்தான் கோபப்பட வேண்டும்.

நீங்களும் உங்கள் கூட்டாளியும் பட்டறையில் செய்த, கம்ப்யூட்டரைக் குளிர்விக்கிற ரேடியேட்டர் அடிபடாமல் வந்து சேர்ந்தது. பெட்டி அழகு. மேலே கொட்டை எழுத்தில் ‘எந்த வேகத்திலும் முதலிடம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். பிள்ளை எழுதப்போகிற பரீட்சைக்கு முன்பே மிட்டாய் கொடுக்கிற கதையாக இருக்கிறதே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கடைக்காரர் இப்போது விற்கிற ரேடியேட்டர் மெல்லியது. உங்களுடையது தடியானது. எழுதும்போது குழம்பிவிடக் கூடாதென்று அதற்கு ஒல்லி என்றும் உங்களுடையதற்குக் குண்டன் என்றும் பெயர் வைத்துக்கொண்டேன்.

துணி தேய்க்கிற மேஜையைப் பின்னறைக்கு இழுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதில் ஹீட்டர் கம்பியை இறக்கி, பம்ப் வைத்து, டியூபை ரேடியேட்டரில் மாட்டி, ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேனை முடுக்கினேன். உங்கள் அண்ணன் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் ரேடியேட்டரை எப்படிப் பாப்ப?”

“கம்ப்யூட்டர் ஒரு நேரம் கொதிக்கும், ஒரு நேரம் சும்மா கெடக்கும், உங்கள மாதிரி. இந்தக் கம்பி எப்பவும் ஒரே சூடு குடுக்கும். இத நம்பலாம்.”

“சரி, எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?”

“தண்ணியோட சூட்டுலேருந்து ரூம் சூட்டைக் கழிங்க. வர்றது மிச்சச் சூடு. எதுல மிச்சம் கம்மியோ அது நல்ல ரேடியேட்டர்.”

“ஊரெல்லாம் மிச்சம் கூடணும்னு பாடுபடுது. நீ ஒருத்திதான் குறையணும்னு உக்காந்திருக்க.”

நர்ஸ் சிரித்ததில் தெர்மாமீட்டர் கை தவறப் பார்த்தது. தண்ணீர்த் தெர்மாமீட்டரையும், எதிர்ச்சுவர் ஆணியில் மாட்டிய அறைத் தெர்மாமீட்டரையும் அவர்தான் சரிபார்த்துக் கொடுத்தார். காய்ச்சல் பார்த்துப் பழகிய கண், பிசகாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வழக்கமாகப் பூஜை அலமாரியில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்குவேன். இந்தமுறை சோதனைக்கு வந்திருப்பது நம் வீட்டுப் பிள்ளை செய்த பொருள் ஆயிற்றே! குண்டனின் முறை வந்தபோது விளக்கையே எடுத்துவந்து மேஜைமேல், குண்டனுக்கு நேர் எதிரில் ஏற்றி வைத்தேன். ஃபேன் ஓடத் தொடங்கியதும் சுடர் அப்படியே குண்டன் பக்கம் சாய்ந்து நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. “சகுனத்தப் பாத்தீங்களா, உங்க கொழுந்தனாருக்கு இனிமே நல்ல காலம்தான்” என்று நர்ஸும் சொன்னார்.

இனிக் கணக்கு. ஃபேன் மெதுவாக ஓடும்போது ஒல்லியில் மிச்சம் பதினொரு டிகிரி, குண்டனில் பதின்மூன்று. வேகத்தைக் கூட்டியதும் விளக்கு பொசுக்கென்று அணைந்துவிட்டது. மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்த வேகத்தில் ஒல்லி ஏழு, குண்டன் ஆறரை. குண்டன்தான் முந்தினான். தடியான உடம்புக்குக் காற்று நிறைய வேண்டும்போல.

கடைக்காரர் ஒப்பவில்லை. “அக்கா, வீட்டுல யாரும் இவ்வளவு வேகமா ஓட்ட மாட்டாங்க. காது பக்கத்துல லாரி போற மாதிரி இருக்கு. மெதுவா ஓடுறப்போ ரெண்டு டிகிரி தள்ளிப் போச்சே” என்றார். என் சோதனைத் தாளைத் தன் கவுன்ட்டரில் குத்தி வைக்கிறவர் அவர். வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் கை நீட்டுகிறார்கள். இதுவரை யார் பக்கமும் சாயாமல்தான் எழுதியிருக்கிறேன். வீட்டுப் பிள்ளைக்காக இன்று சாய முடியாது.

உங்கள் பதில் வரும்வரை தாளைக் குத்த மாட்டார். ஆனால் சரக்கு எடுப்பதாகவும் அவர் சொல்லவில்லை.

அண்ணி

---

மார்ச் 8

அண்ணிக்கு,

பதின்மூன்றா? பதின்மூன்று என்பது ரேடியேட்டரா, சுவரில் மாட்டிய தகரமா? என் பட்டறையில், என் கையால், என் தெர்மாமீட்டரில் பார்த்தேன். பத்துதான் வந்தது. பத்து எப்படி உங்கள் பின்னறைக்கு வந்ததும் பதின்மூன்றாயிற்று? வழியில் குட்டி போட்டதா?

கோபம் இல்லாமல் ஒன்று கேட்கிறேன். அந்தக் கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சோதித்தால் அவர் விற்கிற சரக்கு ஜெயிக்காமல் என்ன செய்யும்? நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். ஆனால் சாய்ந்துவிட்டீர்கள் அண்ணி. ஒல்லி பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். அண்ணனாவது ஒரு வார்த்தை எனக்காகப் பேசினாரா, நாற்காலியில் உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தாரா?

என் நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்லை. பழைய முதலாளி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். அங்கே போனால் மறுபடி அவர் சொல்கிற டப்பாவை அவர் சொல்கிற மாதிரி மடக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். போகாமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு கடையாவது எங்கள் சரக்கை எடுக்க வேண்டும். உங்கள் தாள் நன்றாக இருந்தால் அந்தக் கடைக்காரர் எடுப்பார், அவர் எடுத்தால் மற்ற நாலு பேர் எடுப்பார்கள். இதை நம்பித்தான் பட்டறை திறந்திருக்கிறது.

கூட்டாளியிடம் காட்டினேன். “உங்க அண்ணி சொன்னா சொன்னதுதான்னு நீதானடா பெருமை பேசிட்டுத் திரிஞ்ச? இப்ப வாங்கிக் கட்டிக்கோ” என்கிறான். எனக்கு எதிரி வெளியில் இல்லை.

கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படச் சொன்னீர்கள். அந்த வரியோடு தாண்டிக் குதித்து, எண் இருக்கிற பக்கத்தை மட்டும்தான் படித்தேன். மற்றதைப் படிக்கிற மனநிலை இல்லை. எண் தெரிந்தபிறகு விளக்கம் எதற்கு?

அப்புறம், அதைக் குண்டன் என்று எழுதாதீர்கள். தடிமன் வேறு, குண்டு வேறு.

தம்பி

---

மார்ச் 12
கடவுள் துணை

மதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் போன் அழைப்புகளும் கிடைத்தன. எடுக்கவில்லை. தங்கள் அண்ணன், “எடு, பாவம், அவன் தவிச்சுப் போயிருப்பான்” என்றார். “தவிக்கிறவங்க எழுதட்டும். எழுதுனா நாக்கு கொஞ்சம் யோசிக்கும்” என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் பக்கத்தில் இருந்ததால் சாய்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அன்று வந்தது என் வீட்டுக்கு, உட்கார்ந்தது என் வீட்டு நாற்காலியில். தொட்டது தண்ணீர் டம்ளரை மட்டும். தெர்மாமீட்டருக்குக் கடைக்காரரையும் தெரியாது, கொழுந்தனாரையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது சூடு ஒன்றுதான்.

எனக்குப் படிப்பு கிடையாது. எங்கள் கம்ப்யூட்டர் வெயில் காலத்தில் நின்று நின்று போனபோது பழுது பார்க்க வந்தவர் ஒவ்வொருமுறையும் ஒவ்வொன்று சொன்னார். அந்த எரிச்சலில் நானே கழற்றிப் பார்த்து, படித்து, கெடுத்து, மறுபடி படித்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். தவறு வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தினமும் கண்ணை மூடிக் கும்பிட உட்காருகிறவளுக்குப் பொய்க் கணக்கு எழுதக் கை வராது. எழுதினால் கண்ணை மூட முடியாது. அதை ‘சாய்வு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். போகட்டும்.

தங்கள் மனசு ஆறட்டும் என்று ஒல்லியை மறுபடி மாட்டி ஓட்டினேன். இந்தமுறை பின்னறையில் நான் மட்டும்தான், கடைக்காரரின் நிழல்கூட இல்லை. மெதுவாக ஓடும்போது அதே பதினொன்று.

குண்டனை (இதற்குமேல் பெயர் மாற்ற முடியாது, கணக்கு முழுக்க அப்படித்தான் இருக்கிறது) திருப்பி அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று தெரிவிக்கவும். டியூபைக் கழற்றித் தண்ணீரை வடித்து, துடைத்து, பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். எண் இருக்கிற பக்கத்தை மட்டும் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தை எழுதி முடித்தபோது எனக்குக் கை வலித்தது. கை வலித்ததற்காகவாவது படியுங்கள். தங்கள் அண்ணன் அடித்த ஜோக்கும் அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மனைவி

---

மார்ச் 17

அண்ணி, அண்ணி, அண்ணி!

‘அண்ணன் மனைவி’ என்று கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோஷத்தில் முதல் பக்கத்தை எடுத்து உட்கார்ந்தேன். பற்றவைத்த குழாய் ஆறுகிற நேரம், கையில் வேறு வேலை இல்லை. அண்ணனின் மிச்சம் ஜோக் வரைக்கும் முறைத்துக்கொண்டுதான் படித்தேன். அதற்குப் பிறகு விளக்கு வந்தது.

எழுந்து நின்றுவிட்டேன். கூட்டாளி என்னமோ ஏதோ என்று ஓடிவந்தான்.

அண்ணி, சுடர் ஏன் என் ரேடியேட்டர் பக்கம் சாய்ந்தது? நல்ல காலம் பிறந்ததாலா? ஃபேன் அந்தப் பக்கத்திலிருந்து காற்றை உறிஞ்சியது! காற்றோடு சுடரின் சூட்டையும் சேர்த்து உறிஞ்சியது! நீங்கள் அறைச் சூடு பார்த்த தெர்மாமீட்டரோ எதிர்ச்சுவரில் தொங்குகிறது. அதற்கு விளக்கு எரிவதே தெரியாது. பாவம் என் ரேடியேட்டர், கம்பி கொடுத்த சூட்டையும் இறக்கி, நீங்கள் ஏற்றி வைத்த விளக்கின் சூட்டையும் இறக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஒல்லிக்கு முன்னால் விளக்கு வைக்கவில்லை, அவன் பாட்டுக்கு ஜாலியாக ஓடியிருக்கிறான்.

அப்புறம் வேகத்தைக் கூட்டியதும் விளக்கு அணைந்தது, உங்கள் மனசு ஒரு மாதிரி ஆனது, என் ரேடியேட்டர் முந்தியது. எல்லாம் ஒரே சமயத்தில்! அணைந்ததால்தானே முந்தியது!

நம்பிக்கை இல்லாமல் பட்டறையில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்துப் பார்த்தோம். ஏற்றினால் தண்ணீர்ச் சூடு ஏறுகிறது, ஊதினால் இறங்குகிறது. கூட்டாளி விழுந்து விழுந்து சிரிக்கிறான். “எல்லாரும் சாபத்துல கவுருவாங்க. நீதான்டா ஆசீர்வாதத்துல கவுந்த மொத ஆளு.”

ஒல்லி பக்கம் சாய்ந்தீர்கள் என்று எழுதினேன். அந்த வரியைக் கிழித்துப் போடுங்கள் அண்ணி. நீங்கள் என் பக்கம் சாய்ந்ததால்தான் நான் தோற்றேன். கொழுந்தனுக்காக விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் வைத்தவரைப் போய் அப்படிச் சொன்னேனே. மன்னித்துவிடுங்கள். முழுக்கப் படிக்காததற்கும் சேர்த்து.

மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கும்பிடுவதை அலமாரியிலேயே முடித்துவிடுங்கள், எனக்கு அங்கிருந்தே பலிக்கும். இப்போது பாருங்கள், மெதுவாக ஓடினாலும் நான்தான் முதலிடம். பெட்டியில் இருப்பது பொய்யில்லை என்று நீங்களே எழுதுவீர்கள்.

கையெழுத்தை மட்டும் ‘அண்ணி’ என்று மாற்றிவிடுங்கள். தாங்கவில்லை.

அவசரம்

---

மார்ச் 22
கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்த முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அண்ணன் ஓடிவந்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். கடிதத்தை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, “ஏம்மா, கும்பிட்டே ஒருத்தனக் கவுக்க முடியும்னா எங்க ஆபீஸ் மேனேஜருக்கும் ஒரு விளக்கு ஏத்தேன்” என்கிறார்.

சுடர் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அது காற்று போகிற திசை என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை பாருங்கள். ஃபேன் காற்றை உறிஞ்சுகிற பக்கத்தில் தாளைப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று நான்தான் எல்லாருக்கும் சொல்கிறவள்! அன்று சாயங்காலம் கும்பிட உட்கார்ந்தபோதும் சிரிப்பு வந்தது. கடவுளும் அன்றைக்கே சிரித்திருப்பார், எனக்குக் கேட்கவில்லை. விளக்கை மேஜைக்குக் கொண்டுவந்தது உங்களுடையதற்கு மட்டும்தான், இதற்குமுன் சோதித்தவற்றுக்கு இல்லை. அதனால் கடையில் குத்தியிருக்கிற பழைய தாள்களுக்குப் பழுதில்லை. முதல் வேலையாக அதைத்தான் யோசித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தமுறை முதல் பக்கத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

குண்டனை மறுபடி மாட்டினேன். பின்னறையில் எரிகிற பொருள் எதுவும் இல்லை. நர்ஸ் டியூட்டி முடிந்து வந்து தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டார். வேகமாக ஓடும்போது போன தடவை மாதிரியே ஆறரை. ஒல்லியைவிட அரை டிகிரி குறைவு. அதில் நீங்கள் முதலிடம், சந்தேகமே இல்லை.

மெதுவாக ஓடும்போது பதின்மூன்று போய்விட்டது. பதினொன்றரை.

ஒல்லி பதினொன்று.

ஃபேனில் குறை இருக்குமோ என்று இதன் ஃபேனை அதற்கும் அதன் ஃபேனை இதற்கும் மாற்றிப் பார்த்தேன். மேஜையைத் திருப்பிப் போட்டேன். உள்ளே காற்றுக்குமிழ் தங்கியிருக்குமோ என்று குண்டனைக் குழந்தையைத் தட்டுகிற மாதிரி தோளில் சாய்த்துத் தட்டி ஏப்பம் விடவைத்தேன். எப்படி ஓட்டினாலும் அந்த அரை டிகிரி நகரவில்லை. நர்ஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “காய்ச்சல் எறங்கிடுச்சுக்கா. ஆனா டிஸ்சார்ஜ் எழுத முடியாது.”

உங்கள் பட்டறையில் பத்து வந்ததாக எழுதியிருந்தீர்களே, அது எப்படி? என் விளக்கைக் கண்டுபிடித்தவர் நீங்கள். அங்கேயும் ஏதாவது சாய்ந்து நிற்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள்.

கடைக்காரரிடம் விளக்குக் கதையைச் சொன்னேன். சிரித்து ஓய்ந்துவிட்டு, புதுத் தாள் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு முடிவு சொல்கிறாராம். எழுதுவதற்குமுன் உங்களுக்குத் தெரியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அண்ணி (போதுமா?)

---

மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

போதும்.

எங்கள் பத்து எப்படி வந்தது என்று கூட்டாளியைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான். நான் சோதித்த அன்று அவனுக்கு வியர்த்ததாம், பட்டறைப் பெரிய ஃபேனைப் போட்டுவிட்டு அதன் எதிரில் நின்றானாம். ரேடியேட்டருக்கும் சேர்த்து வீசியிருக்கிறது. நான் எண்ணைப் பார்த்த குஷியில் திரும்பியே பார்க்கவில்லை. உங்களுக்கு விளக்கு, எனக்கு வியர்வை. ஆக உங்கள் பதினொன்றரைதான் சரி.

இப்போது நான் கேட்கப்போவது சரியில்லை என்று எனக்கே தெரியும். போனில் கேட்டால் என் குரலிலேயே பிடித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அரை டிகிரி என்பது என்ன அண்ணி? ஜன்னலைத் திறந்தால் வருகிறது, மூடினால் போகிறது. வாங்குகிறவர் யாரும் தண்ணீரில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்க்கப்போவதில்லை. முதலிடம் என்று எழுதச் சொல்லவில்லை. ‘மெதுவாக ஓடும்போது இரண்டும் சமம்’ என்று மட்டும் எழுதுங்கள். சமம், ஒரே ஒரு வார்த்தை. கடைக்காரர் சரக்கு எடுத்துவிடுவார். நான் பழைய முதலாளிக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவேன். அச்சடித்த பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கினால் அத்தனையும் ‘முதலிடம், முதலிடம்’ என்று என்னைப் பார்த்துக் கத்துகின்றன.

கூட்டாளி வாயே திறக்கவில்லை. நான் போய்விட்டால் அவன் தனியாக என்ன செய்வான்? அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் குழாயைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கிறோம்.

எழுத முடியாது என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ‘அண்ணன் மனைவி’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

தம்பி

---

மார்ச் 30
கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாளை எடுத்து ‘சமம்’ என்று எழுதிப் பார்த்தேன். மூன்றே எழுத்து. உங்கள் அண்ணன் எட்டிப் பார்த்தார். “உன் கையெழுத்து மாதிரியே இல்லியே” என்றார். சும்மாதான் சொன்னாரோ, தெரிந்து சொன்னாரோ. மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, தண்ணீரும் தெர்மாமீட்டரும் சொன்னதை எழுதினேன். ‘வேகமாக ஓடினால் குண்டன் முதலிடம். மெதுவாக ஓடினால் ஒல்லியைவிட அரை டிகிரி பின்னால். வேகமாக ஓடும்போது சத்தம் உண்டு.’ கீழே, முதல் சோதனையில் சோதித்தவர் விளக்கை எதிரில் வைத்ததால் அந்தக் கணக்கு செல்லாது என்றும் எழுதினேன். அதை எழுதாதே என்று எல்லாரும் சொன்னார்கள். உங்கள் அரை டிகிரியை ஊரறிய எழுதுகிறவள் என் விளக்கை மட்டும் ஒளித்து வைப்பது நியாயமா?

தாளையும் பெட்டியோடு குண்டனையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் படித்தார், உதட்டைப் பிதுக்கினார். “அக்கா, ரெண்டாவது இடத்த யார் கேட்டு வாங்குவா?” என்றார். குண்டனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பையைத் திறந்துவிட்டேன்.

அந்த நேரம் ஒருவர் உள்ளே வந்தார். வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை செய்கிறவராம். வேலை மும்முரமாகும்போது மிஷின் கொதித்து நின்றுவிடுகிறதென்று புலம்பினார். கவுன்ட்டரில் இருந்த உங்கள் பெட்டியைக் கையில் எடுத்தார். ‘எந்த வேகத்திலும் முதலிடம்’ என்று படித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

“எல்லாப் பெட்டியிலயும் இதத்தான் போடறாங்க. இந்தக் கடையில முதலிடம் வாங்காத பெட்டி ஒண்ணு இருந்தா காட்டுங்க, அத வாங்கிக்கறேன்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, என் தாளை அவரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே படித்தார். விளக்கு வந்த இடத்தில் சிரித்தார்.

“யாரு எழுதினது?”

“இதச் செஞ்சவரோட அண்ணி. இதோ நிக்கறாங்க.”

“அண்ணியா! சொந்த அண்ணியே அரை டிகிரி பின்னாலன்னு எழுதியிருக்காங்களா? அப்ப வேகத்துல முதலிடம்னு எழுதினதும் உண்மையாத்தான் இருக்கும். எனக்கு அதுதான வேணும்! நான் காதுல ஹெட்போனப் போட்டுட்டு வேலை செய்யறவன், சத்தத்தப் பத்தி எனக்கென்ன?”

கீழே வைத்த பெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார் தம்பி. நான் விடவில்லை. சோதித்த பொருளை விற்கக் கூடாது, புதிது வரட்டும் என்று சொல்லி வாங்கிவைத்துவிட்டேன். தன் போன் நம்பரைக் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் போனபிறகு கடைக்காரர் என் தாளை மறுபடி எடுத்துப் படித்தார். இவரைப்போல மிஷினை விரட்டி வேலை வாங்குகிறவர்கள் தன் கடைக்கு நிறையப் பேர் வருகிறார்களாம். அவர்களிடம் இத்தனை நாள் ஒல்லியைத்தான் கொடுத்திருக்கிறார். அவர்களுக்கென்று ஒரு தட்டு ஒதுக்கி, உங்கள் சரக்கை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியில் இருக்கிற வரியை மறைத்து, தாளில் இருக்கிற வரியை அச்சடித்து ஒட்ட வேண்டும். “பெட்டி ஒண்ணு சொல்லி, அக்கா தாள் ஒண்ணு சொன்னா என் கவுன்ட்டர்லயே சண்டை வந்துடும்” என்கிறார்.

எனவே எல்லாப் பெட்டியிலும் ‘வேகமாக ஓடினால் முதலிடம், மெதுவாக ஓடினால் அரை டிகிரி பின்னால்’ என்று இருக்கும். உங்கள் பெயரில், உங்கள் பெட்டியில், ‘பின்னால்’ என்ற வார்த்தை. கூட்டாளியும் நீங்களும் எத்தனை ஆசையாக அந்தப் பழைய வரியை அச்சடித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை நானாக முடிவு செய்ய மாட்டேன். வேண்டாம் என்றால் தாளைக் கிழித்துவிடுகிறேன், குண்டனும் வீட்டுக்கு வந்துவிடுவான், ஒருவரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டேன். வேறு மாதிரி எழுத மட்டும் என்னால் முடியாது. என் கையெழுத்து இல்லாமல் நீங்கள் முதலில் நிற்பதைவிட, என் கையெழுத்தோடு அரை டிகிரி பின்னால் நின்றால் அந்தக் கடைப்பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போவேன்.

கூட்டாளியிடமும் கேளுங்கள். இந்தமுறை அவர் வாயைத் திறக்கட்டும்.

கடைக்காரர் தட்டைக் காலி செய்து துடைத்து வைத்துவிட்டார். உங்கள் பழைய முதலாளிக்கு நீங்கள் சொல்ல வேண்டிய தேதியும் நெருங்குகிறது. ஒட்டலாமா, வேண்டாமா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

அண்ணி